டொமைன் சர்வரை மாற்றும் வேலை உங்கள் கைக்கு வந்தால்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள நடுத்தர ஆலைகளில் கணினி விஷயம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தோ பெண்ணாடத்திலிருந்தோ காலை பஸ்ஸில் வந்து இறங்கும், டிப்ளமோ முடித்த பிள்ளை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், டேலி திறக்காவிட்டாலும் அவர்தான். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, சர்வர் பழசாயிடுச்சு. புதுசு ஆர்டர் போடறேன், மாத்திடுங்க" என்பார். அந்தத் தம்பிக்கும், அதே நாற்காலியில் இருக்கும் தங்கைகளுக்கும்தான் இந்தக் கட்டுரை.

சரி என்று தலையாட்டும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இதைச் சரியாக முடித்தவரை அடுத்த நிறுவனம் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் எடுக்கும். சொதப்பினால் திங்கட்கிழமை காலை ஆலையில் ஒருவரும் கணினிக்குள் நுழைய முடியாது.

காலையில் ஊழியர் பாஸ்வேர்டு போட்டதும் "இவர் நம் ஆள்தான்" என்று உறுதி சொல்வது டொமைன் சர்வர். கணக்குப் பிரிவின் போல்டரை யார் திறக்கலாம், எந்தக் கணினிக்கு எந்த பிரிண்டர், யார் பென்டிரைவ் செருகக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. மைக்ரோசாப்ட் 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 சர்வரோடு கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரிதான் இதன் அடிப்படை. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'ஏடி' என்பார்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை இமேஜ் எடுத்துப் புதிய மெஷினில் கொட்டிவிடலாம் என்ற யோசனைதான் முதலில் வரும். வேண்டாம். ஏடியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. உங்களிடம் இரண்டு டொமைன் சர்வர் இருந்தால், மற்றதிடமிருந்து எந்த எண் வரை வாங்கியிருக்கிறோம் என்று இரண்டும் நினைவில் வைத்திருக்கும். பழைய இமேஜை மீண்டும் ஏற்றினால் ஒன்றின் எண் பின்னால் போய்விடும். அதன் பிறகு அங்கே செய்யும் மாற்றங்களை, "இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று மற்றது வாங்காமல் விட்டுவிடும். திரையில் பிழைச்செய்தி வராது. இரண்டு சர்வரும் வெவ்வேறு கதை சொல்லத் தொடங்கியிருக்கும். ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது என்றால் இந்த ஆபத்து இல்லை; ஆனால் காலாவதியான விண்டோஸும், பழைய மெஷினோடு பிணைக்கப்பட்ட ஓஇஎம் லைசென்ஸும் புதிய பெட்டிக்கும் கூடவே வரும். அதில் என்ன லாபம்?

சரியான வழி இதுதான்: புதிய சர்வரைப் பழையதற்குப் பக்கத்தில் இன்னொரு டொமைன் சர்வராக நிறுத்துங்கள். தகவல் தானாக வந்து சேரட்டும். பொறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கடைசியில் பழையதை முறைப்படி விடுவியுங்கள். பீங்கான் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுச் சூளையில் முதல் சரக்கு நல்லபடியாக வெந்து இறங்கும் வரை பழைய சூளையை யாரும் இடிப்பதில்லை.

வாங்கும் முன்பே விழும் பள்ளங்கள்

சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்தது. இன்னும் அதையே ஓட்டுபவர்கள், "வாங்குவதுதான் வாங்குகிறோம், புத்தம் புதியதாக 2025 பதிப்பையே வாங்கிவிடலாம்" என்று நினைப்பார்கள். இங்கேதான் முதல் பள்ளம். 2025 பதிப்பை டொமைன் சர்வராகச் சேர்க்க வேண்டுமானால் டொமைனின் செயல்நிலை (ஃபங்ஷனல் லெவல்) குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 சர்வர் உள்ளே இருக்கும்வரை அந்த நிலைக்கு உயர்த்த முடியாது. ஆகவே நடுவில் 2016, 2019, 2022 ஆகியவற்றில் ஒன்றைத் தற்காலிகமாக ஏற்றி, பழையதை விடுவித்து, செயல்நிலையை உயர்த்திய பிறகுதான் 2025க்குப் போக முடியும். முப்பது கணினி உள்ள ஆலைக்கு 2022 போதும் என்பது என் கருத்து. 2031 அக்டோபர் 14 வரை அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வரும்.

2019, 2022 பதிப்புகளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. டொமைன் 2003 காலத்தில் பிறந்ததாக இருந்தால், லாகின் ஸ்கிரிப்டுகளும் பாலிசிகளும் இருக்கும் சிஸ்வால் போல்டரை சர்வர்களுக்கிடையே பரிமாறும் வேலையை இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறையே செய்துகொண்டிருக்கலாம். அதை டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றாமல் புதிய சர்வர் உள்ளே வராது. மாற்ற டிஎஃப்எஸ்ஆர்மிக் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. தயார், திருப்பம், நீக்கம் என்று மூன்று படிகள். ஒவ்வொரு படியும் எல்லா சர்வரிலும் முடிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும்.

லைசென்ஸ் பற்றி முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். சர்வர் லைசென்ஸ் மட்டும் போதாது. அதை அணுகும் ஒவ்வொரு ஊழியருக்கோ கணினிக்கோ 'கால்' எனப்படும் அணுகல் லைசென்ஸ் வேண்டும். 2012க்கு வாங்கிய கால் 2022க்குச் செல்லாது. இந்தத் தொகையைக் கொட்டேஷனில் சேர்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு போய் நின்றால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். இன்னொன்று: 180 நாள் இலவசச் சோதனைப் பதிப்பை நிறுவி, "கீ பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று டொமைன் சர்வராக்கிவிடாதீர்கள். டொமைன் சர்வரான பிறகு சோதனைப் பதிப்பை முழுப் பதிப்பாக மாற்ற வழியில்லை.

சர்வரில் என்னென்ன தொங்குகிறது?

இந்த வேலையில் பாதிக்கு மேல் நோட்டும் பேனாவும்தான். பெரிய நிறுவனத்தில் டொமைன் சர்வர் டொமைன் வேலையை மட்டும் பார்க்கும். நம் பக்கத்து ஆலையில் அது தலைமேல் எல்லாவற்றையும் சுமக்கும். பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ், கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி, ஷேர் போல்டர், பிரிண்டர், டேலி, ஆன்டிவைரஸ் கன்சோல், பேக்கப் என எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். இவை உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பவைதான் திங்கட்கிழமை காலை கழுத்தைப் பிடிக்கும்.

கேட்டில் விரல் வைக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தின் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். சர்வரின் ஐபி எண் நேரடியாகத் தட்டப்பட்டிருக்கும். எடை மேடை அறையில் உள்ள கணினியின் டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் இருக்கும். அதன் பாதையில் பழைய சர்வரின் பெயர் இருக்கும். அலுவலக ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை ஒரு போல்டருக்கு அனுப்பும். அதற்கு யாரோ என்றோ அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டையே கொடுத்து வைத்திருப்பார்கள். சோதனைக் கூடத்துக் கருவியோடு வந்த எக்ஸ்பி கணினி ஒன்று மூலையில் இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது பேசும் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை 2019 முதல் புதிய சர்வரில் தானாக நிறுவப்படுவதில்லை. அதற்காக எஸ்எம்பி1ஐத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் நுழைந்த வாசல் அது. அந்தக் கணினியின் கோப்புகளை வேறு வழியில் எடுக்கப் பாருங்கள்.

ஆலையை ஒரு சுற்று நடந்து, நெட்வொர்க் வயர் செருகியிருக்கும் ஒவ்வொரு கருவியின் பெயர், ஐபி, டிஎன்எஸ், எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது ஆகிய நான்கையும் எழுதுங்கள். கணக்குப் பிரிவு அக்காவையும் டிஸ்பாட்ச் அண்ணனையும் தனித்தனியாக உட்கார வைத்து, "காலையில் வந்ததும் எதையெல்லாம் திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். எந்த மென்பொருள் கருவியும் காட்டாத இரண்டு மூன்று விஷயம் இந்தப் பேச்சில் வெளிவரும்.

டேலிக்கு ஒரு வரி. அதன் லைசென்ஸ் மெஷினோடு கட்டப்பட்டது. பழைய சர்வரில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழையதை அணைத்துக் கழற்றிய பிறகு இது நினைவுக்கு வந்தால் சிரமம்.

நாள் குறிப்பது

சம்பளம் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, பிஎஃப் 15ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. ஆக, 21க்கும் 27க்கும் இடையில் வரும் சனிக்கிழமை மாலைதான் உங்கள் நேரம். மார்ச் மாதத்தைத் தொடவே வேண்டாம். அந்த வாரத்துக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் பேட்டரியை முந்தைய வாரமே சுமை ஏற்றிச் சோதியுங்கள். இரவு லோடு உண்டா என்று டிஸ்பாட்ச்சில் கேளுங்கள். இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. பில் போடும் கணினி அந்நேரம் உங்கள் கையில் கழன்று கிடக்கக் கூடாது.

நாள் வருவதற்கு முன் பழைய சர்வரின் உடம்பைப் பரிசோதியுங்கள். டிசிடயாக், ரெப்அட்மின் என்ற இரண்டு கட்டளைகள் போதும். அவை காட்டும் பிழைகளைப் பழைய சர்வரிலேயே தீர்த்துவிட வேண்டும். நோயைப் புதியதுக்குக் கொண்டுபோனால் எது பழையது, எது நீங்கள் உண்டாக்கியது என்று பிரித்தறியவே முடியாது. சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் ஒன்று எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். டைரக்டரி மீட்புப் பயன்முறைக்கான பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. அதையும் இப்போதே புதிதாக வைத்துவிடுங்கள்.

மாற்றும் வேலை

புதிய சர்வருக்குப் புதிய பெயர், நிலையான ஐபி. அதன் டிஎன்எஸ்ஸாகப் பழைய சர்வரைக் காட்டி, டொமைனில் சேர்த்து, ஏடி பங்கை நிறுவி, டொமைன் சர்வராக உயர்த்துங்கள். 2012க்குப் பிறகு வந்த பதிப்புகளில் ஸ்கீமா தயாரிப்பை விசார்டே செய்துவிடும். குளோபல் கேட்டலாக் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு அவசரம் வேண்டாம். சிஸ்வால், நெட்லாகான் என்ற இரண்டு ஷேர்களும் புதிய சர்வரில் தெரிகின்றனவா? தெரியாதவரை அது டொமைன் சர்வர் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். இதுவரை செய்தது யாரையும் பாதிக்காது. வார நாளிலேயே முடித்துவிட்டுச் சில நாள் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது டிஎன்எஸ். சர்வர் மாற்றத்தில் வரும் தகராறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. கணினி தன் டொமைன் சர்வரைத் தேடும்போது, "இந்த டொமைனுக்கு லாகின் சர்வர் எது?" என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். பதில் எஸ்ஆர்வி என்ற பதிவாக வரும். அந்தப் பதிவுகள் உங்கள் சர்வரில் மட்டுமே உண்டு. ஆனால் பல அலுவலகங்களில், "இன்டர்நெட் வேகமாக இருக்கட்டும்" என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8ஐப் போட்டு வைத்திருப்பார்கள். பழைய சர்வர் ஒரு நிமிடம் பதில் சொல்லாவிட்டால் கணினி கூகுளிடம் போய்க் கேட்கும். அதற்கு உங்கள் ஆலையின் டொமைன் பெயரே தெரியாது. லாகின் பத்து நிமிடம் சுற்றும், டிரைவ் மேப் ஆகாது, ஊழியர்கள் "புது சர்வர் ஸ்லோ" என்று சொல்லத் தொடங்குவார்கள்.

ஆகவே கணினிகளில் முதல் டிஎன்எஸ் புதிய சர்வர், இரண்டாவது பழைய சர்வர். வெளி எண் எதுவும் கூடாது. வெளியுலகப் பெயர்களைத் தேடும் வேலையை சர்வரே பார்த்துக்கொள்ளும். அங்கே ஃபார்வர்டராக 8.8.8.8 இருக்கலாம். டிஎச்சிபியில் இந்த மாற்றத்தைச் செய்தால் பெரும்பாலான கணினிகள் தாமே மாறிவிடும். கையால் ஐபி போட்ட கணினிகளுக்கும் கருவிகளுக்கும் நீங்கள்தான் நடந்து போக வேண்டும். ஆலையைச் சுற்றி எழுதிய நோட்டு இப்போது கைகொடுக்கும்.

பிறகு பொறுப்பு மாற்றம். ஏடியில் ஒரே சர்வர் மட்டும் வகிக்கக்கூடிய பொறுப்புகள் ஐந்து: ஸ்கீமா, டொமைன் பெயரிடல், ரிட், பிடிசி எமுலேட்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர். இப்போது யாரிடம் இருக்கின்றன என்று நெட்டாம் கட்டளை காட்டும். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே 'டிரான்ஸ்ஃபர்' முறையில் மாற்றுங்கள். 'சீஸ்' என்ற பறிப்பு முறை, பழையது செத்துப்போனால் மட்டும். அப்படிப் பறித்த பிறகு பழையதை மறுபடி நெட்வொர்க்கில் செருகவே கூடாது.

பிடிசி எமுலேட்டர் புதிய சர்வருக்கு வந்ததும் கடிகாரமும் அதன் பொறுப்பு. கணினிக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் வந்தால், அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை லாகினை மறுத்துவிடும். நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு இந்தியாவில் விதியே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவுப்படி என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும், சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. நேரத்தையும் லாகையும் புதிய சர்வரில் முதல் நாளே சரியாக அமைத்துவிடுங்கள்.

கோப்புகளை மாற்ற ரோபோகாப்பி போதும், அனுமதிகளோடு நகலெடுக்கும் தேர்வை மறக்காமல் போட்டால். முந்தைய வாரம் முழுதாக ஒரு முறை ஓட்டி, சனிக்கிழமை மாலை மாறியவற்றை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பழைய சர்வரை உடனே கழற்றாதீர்கள். அணைத்து மட்டும் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். யார் வந்து "அது திறக்கலையே" என்கிறார்களோ, அவர்களுடையது நோட்டில் விட்டுப்போனது. சரிசெய்யுங்கள். யாரும் வராத நிலை வந்ததும் மறுபடி இயக்கி, இரண்டும் ஒத்திசைந்த பிறகு, டிமோட் செய்து முறையாக வெளியேற்றுங்கள். அணைத்ததை மாதக்கணக்கில் மறந்துவிட்டுப் பிறகு செருகினால், நீக்கிய கணக்குகள் உயிர்த்தெழும் ஆபத்து உண்டு. வழக்கமான வரம்பு 180 நாள்.

ஒன்று போதாது

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வைரஸ் தாக்கியபோது, கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் உலகெங்கும் வைத்திருந்த சுமார் 150 டொமைன் சர்வர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழிந்தன. அவை ஒன்றுக்கொன்று பேக்கப் என்று நினைத்திருந்தார்கள். வேறு பேக்கப் இல்லை. கடைசியில் ஒன்று தப்பியது தெரிந்தது. ஆப்பிரிக்காவின் கானா அலுவலகத்தில் தாக்குதல் நேரத்தில் கரண்ட் போயிருந்ததால் அந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. அதன் டிஸ்க்கை ஆள்மாற்றி ஆள் விமானத்தில் எடுத்து வந்துதான் நிறுவனத்தை மீண்டும் எழுப்பினார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. டொமைன் சர்வர் எப்போதும் இரண்டு வேண்டும். இரண்டாவது சிறிய மெஷினாக இருந்தாலும் போதும். ஆனால் இரண்டு சர்வர் இருப்பது பேக்கப் ஆகாது. நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஆலைக்கு வெளியே வைக்கும் ஒரு டிஸ்க் தனியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டு, கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இரண்டாவது எதுக்குப்பா?" என்று முதலாளி கேட்பார். தொழில்நுட்பம் பேசாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டபோது ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதித்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். நம் ஆலையில் இரண்டு நாள் பில் போட முடியாவிட்டால் எத்தனை லோடு நிற்கும் என்று டிஸ்பாட்ச் கணக்கை முன்னால் வையுங்கள். தூசியையும் சொல்லுங்கள். களிமண் தூள் பறக்கும் ஊரில் சர்வரின் ஃபேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். உற்பத்திக் கூடத்தை ஒட்டிய அறையில் சர்வர் இருந்தால் இந்த மாற்றத்தோடே இடத்தையும் மாற்றக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு பக்கத்தில் எழுதி அச்செடுங்கள்: எந்த சர்வர் எங்கே, என்ன ஐபி, என்ன பொறுப்பு, பேக்கப் எப்படி. பாஸ்வேர்டுகளை மூடிய கவரில் முதலாளியிடம் ஒப்படையுங்கள். நான் இல்லாவிட்டால் ஆலை நிற்கும் என்ற நிலையைப் பாதுகாப்பாக நினைக்கும் பிள்ளைகளை நிறைய இடங்களில் பார்க்கலாம். அது உங்களை அதே நாற்காலியில் கட்டிப்போடும். விடுப்பு கூட எடுக்க முடியாது.

கற்றுக்கொள்ளப் பணம் பெரிதாக வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள கணினி ஒன்றில் விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது ஹைப்பர்-வி போட்டு, அதே 180 நாள் சோதனைப் பதிப்பில் இரண்டு சர்வர், ஒரு கிளையண்ட் நிறுவுங்கள். மேலே சொன்ன முழு மாற்றத்தையும் வேண்டுமென்றே கெடுத்துக் கெடுத்துச் செய்து பாருங்கள். டிஎன்எஸ்ஸைத் தவறாகப் போட்டால் திரையில் என்ன வருகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் ஆலையில் பதறமாட்டீர்கள். எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழ்களை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரி 31 அன்றே நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இன்றும் பணம் கேட்கும் பயிற்சி மையங்களை நம்பாதீர்கள். ஏடியை நிர்வகிக்க உலகெங்கும் விற்கும் ஏடிமேனேஜர் பிளஸ், ஏடிஆடிட் பிளஸ் மென்பொருள்கள் நம் சோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு செய்தவை. ஏடி எப்படிக் கெடுகிறது, எப்படிச் சரியாகிறது என்று கைப்பட அறிந்தவருக்கு அத்தகைய இடங்களில் பேச விஷயம் இருக்கும்.

உங்கள் ஆலையில் ஓடுவது சர்வர் 2016 என்றால் அதற்கான ஆதரவு 2027 ஜனவரி 12ஆம் தேதி முடிகிறது. கொட்டேஷன் வாங்க, முதலாளி ஒப்புக்கொள்ள, மெஷின் வந்து சேர மாதங்கள் ஆகும். நோட்டை எடுத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். அதற்கு யாருடைய அனுமதியும், ஒரு ரூபாய் செலவும் தேவையில்லை.